தீத்துவெட்டு

உத்திரமேரூர் பஜார்ல கயிறு, வாளி, சல்லடை, மொறம் விக்கிற கௌஸ் பாய் எதையும் கட்டவெரலால அமுக்கிப் பாக்காம வாங்க மாட்டாரு. கத்திரிக்காய அமுக்குவாரு, பன்னு ரொட்டிய அமுக்குவாரு, தெச்சி வந்த சட்டையோட காலர அமுக்குவாரு. நிக்காவுக்கு வந்த மாலைய கூட ஒரு தபா அமுக்கிப் பாத்துட்டுதான் கழுத்துல போட்டுக்கினாருன்னு அவரு சம்சாரம் தாஜுன்னிசா இன்னிக்கும் சொல்லி சிரிக்கும்.

அதுக்கு ஒரு காரணம் கீது. அவங்க அத்தா, அதான் அப்பா, மவுத்தா போயி சேந்தப்ப கௌஸுக்கு பதினாலு வயசு. எட்டாங்கிளாசோட படிப்ப நிறுத்திட்டு கடையில வந்து ஒக்காந்தாரு. மொத மாசமே ஒரு பெரியவரு வந்தாரு. "உங்க அத்தா எனக்கு கூடப்பொறந்தவன் மாதிரி தம்பி"ன்னு கண்ணு கலங்குனாரு. ஒரு வண்டி தேங்காநாரு கயிறு எடை போட்டு எறக்கிட்டு போனாரு. ரெண்டு நாள் வெயிலு பட்டதும் அந்த கயிறு பாதி எடைக்கு எறங்கிடுச்சி. தண்ணில ஊறப்போட்டு கொண்ணாந்திருக்காரு மனுசன். கயிறு போனது கூட அவருக்கு பெரிசில்ல. அந்தாளு கண்ணுல வந்த தண்ணியும் ஊறப்போட்ட தண்ணிதானான்னு நெனச்சி நெனச்சி, அன்னிலேர்ந்து யாரு அழுதாலும் சிரிச்சாலும் அவருக்கு ஒரு சந்தேகம்.

சாயங்காலம் ஆனா கடைவாசல்ல செஸ் ஆட்டம் நடக்கும். அவங்க அத்தா காலத்துலேர்ந்து அதே பலகை, அதே காய். அந்த ஆட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு கட்டத்துல வெட்டு ஆரம்பிச்சிட்டா, அந்த கட்டத்துல வெட்ட ஆளு இருக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வெட்டியே ஆவணும். நடுவுல நிறுத்தக் கூடாது. வேற எடத்துல கை வெக்கக் கூடாது. இதுக்கு தீத்துவெட்டுன்னு பேரு. பொயுது சாஞ்சி மஃரிப் பாங்கு சொல்றதுக்குள்ள ஆட்டம் முடியணும்னு அவங்க அத்தா வெச்ச ஏற்பாடு. நாலு வெட்டு நடந்தா பலகை அறுவடை முடிஞ்ச வயலு மாதிரி ஆயிடும், ஆட்டமும் சட்டுனு முடியும்.

தீத்துவெட்டுல தப்பிக்கணும்னா மொத வெட்டு வெட்டறதுக்கு முன்னாடியே கடைசி வெட்டு வரைக்கும் எண்ணிக்கணும். இந்த கட்டத்துக்கு நம்ம ஆளு எத்தினி பேரு, அவன் ஆளு எத்தினி பேரு. சிப்பாய் ஒண்ணு, குதிரையும் மந்திரியும் மும்மூணு, யானை அஞ்சு, ராணி ஒம்போது. சின்னவன மொதல்ல அனுப்பணும், பெரியவன கடைசில அனுப்பணும். போனது இன்னா, வந்தது இன்னா, கையில நிக்கிறது இன்னா. கௌஸ் பாய் சல்லடைக்கு வெல சொல்லிக்கினே ஓரக்கண்ணால பலகைய பாத்து, "வெட்டாத, ரெண்டு நட்டம்"னுவாரு. வெட்டிப் பாத்தா ரெண்டு நட்டம்தான் வரும். அவரோட தினம் ஆடறது தாலுக்கா ஆபீசுல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆன ராஜாராமன். பெருமாள் கோயில் பக்கத்துல வூடு. கௌஸ் பாய் அவர சாமின்னு கூப்புடுவாரு. இருவத்திரெண்டு வருசமா ரெண்டு பேரும் ஆடறாங்க.

பாய்க்கு ஒரே பொண்ணு, சாய்ரா. தீத்துவெட்டு எண்ணிக்கைய கடைவாசல்ல பாத்து பாத்தே கத்துக்கினவ. செங்கல்பட்டுல கம்ப்யூட்டர் சென்டர்ல பாடம் எடுக்கிற நவாஸுக்கு குடுத்திருந்தாரு. குடுக்கறதுக்கு முன்னாடி மூணு தபா யாருக்கும் தெரியாம போயி அந்த சென்டர் வாசல்ல நின்னு பாத்துட்டு வந்தாரு. மாப்ள ஒயுங்காதான் இருந்தான். அதுவே அவருக்கு கொஞ்சம் உறுத்துச்சி.

ரெண்டாயிரத்து ஒண்ணாம் வருசம் ஜூன் மாசம் சாய்ரா தாய்வூட்டுல பொண்ணு பெத்தா. சபான்னு பேரு வெச்சாங்க. வெண்டப் பிஞ்சு மாதிரி விரலு, ஒவ்வொண்ணுலயும் அரிசி மொன அளவுக்கு நகம். கொட்டாவி வுட்டா ஒடம்பு பூரா கொட்டாவி வுடும். மொத பேத்தி பொறந்த வூட்டுல செவருக்கு கூட வாய் வந்துடும். கடைக்கு கயிறு வாங்க வந்தவங்கள நிக்க வெச்சி, அது தும்முன கதைய பாய் சொன்னாரு. ரெண்டு தும்மலு, ரெண்டாவதுக்கு அப்பால தானே பயந்து முயிச்சிதாம். இதுல மட்டும் அவருக்கு சந்தேகமே வரல. கொயந்த சிரிச்சது வாயுல சிரிச்சதுன்னு தாஜுன்னிசா சொன்னப்ப அது மேலதான் கோவம் வந்துச்சி.

பன்னெண்டாம் நாளு நவாஸ் பஸ்ஸுல வந்து எறங்குனான். டிவி மாதிரி ஒண்ண பெட்ஷீட்ல கட்டி மடியில வெச்சிக்கினு, இன்னொரு பொட்டிய காலுக்கு கீய வெச்சிக்கினு வந்திருந்தான். சென்டர் வேலைய வுட்டுட்டேன் மாமான்னான். கம்ப்யூட்டரே செஸ் ஆடறா மாதிரி ஒண்ணு எயுதிக்கினு கீறேன், ஆகஸ்ட்ல மெட்ராஸ்ல ஒரு கம்பெனில அத ஆடிக் காட்டணும், புடிச்சிதுன்னா வேல, பல்லாவரத்துல ரூம் பாத்துட்டேன், நாப்பது நாளு முடிஞ்சதும் சாய்ராவையும் கொயந்தையும் இஸ்துகினு போயிடறேன்னான். வேல செய்யறவன் வேலைய வுட்டுட்டு வெளையாட்டு எயுதறேன்னு வந்தா எந்த மாமனாருக்கும் சந்தேகம் வரும். கௌஸ் பாய் அந்த ரெண்டு பொட்டியையும் அமுக்கிப் பாத்தாரு.

செங்கல்பட்டு பஸ்ஸுல கண்டக்டரா ஓடற ஏகாம்பரம் டீ குடிக்க கடையாண்ட வந்தவன் அந்த சந்தேகத்த இன்னும் கொஞ்சம் கெளறிட்டு போனான். மெட்ராஸ்ல பிளாட்பாரத்துல சிடி தட்டா விக்கிறாங்க பாய், சினிமா தட்டு, பாட்டு தட்டு, செஸ் தட்டு கூட கீது, வாங்கி உள்ள போட்டா அதுவே ஆடும், எயுதறதுக்கு இன்னா கீதுன்னான். பாய் டீ கிளாச கீய வெச்சிட்டு வூட்டுக்கு போயி, மாப்ள பேக்குல தட்டு எதுனா கீதான்னு, துணி மடிச்சி வெக்கறா மாதிரி தடவிப் பாத்தாரு. ரெண்டு தட்டு இருந்துச்சி. ஒண்ணுல கண்ணு தெரியாத பொடி எயுத்துல இங்கிலீசு. அவருக்கு அது போதும்.

கொயந்த பொறந்து முப்பத்திமூணாம் நாளு சாயங்காலம் மிஷினோட ஆடிப் பாக்கறேன்னு ஒக்காந்தாரு. நவாஸுக்கு ரொம்ப சந்தோசம். பாய் கைய காட்டுனா அவன் மவுஸுங்கிற எலிய நவுத்தி காய நவுத்துவான். மிஷினு நல்லாதான் ஆடுச்சி. பதினாறு பதினேழு தபா காய் நவுத்துனதும் நடுவுல அதோட சிப்பாய் ஒண்ணு மாட்டிக்கிச்சி. பாய் பக்கம் குதிரை, மந்திரி, யானை, மூணு பேரு அந்த கட்டத்த பாத்துக்கினு நிக்கிறாங்க. அது பக்கம் குதிரையும் ராணியும், ரெண்டே பேரு. பாய் எண்ணி முடிச்சாரு. ஏயு லாபம்.

குதிரையால சிப்பாய வெட்டுனாரு. அது குதிரையால குதிரைய வெட்டுச்சி. மந்திரியால அந்த குதிரைய வெட்டுனாரு. இப்ப ராணி வரணும், ராணி மந்திரிய வெட்டணும், யானை ராணிய வெட்டணும். பாய் யானை மேல வெரல வெச்சிக்கினு காத்துக்கினு இருந்தாரு.

ராணி வரல. ஓரத்துல கீற மந்திரி ஒண்ணு கெளம்பி வந்து அவரு ராஜாவுக்கு செக் வெச்சிது. ராஜா ஒதுங்குனா பின்னாடி கீற இன்னொரு யானை காலி.

பாய் எழுந்துட்டாரு. இது ஆட்டமே இல்ல, வெட்டு பாதில கெடக்குது, கை மாத்தி வேற எடத்துல வெக்குதுன்னாரு. நவாஸுக்கு ஒண்ணும் வெளங்கல. அது அப்பிடி ஆடலாம் மாமா, ராணிய குடுத்தா அதுக்கு நட்டம், அதனால நிறுத்திக்கிச்சின்னான். நட்டம்னா நிறுத்திக்குவியா, அப்ப நட்டம்னா பொண்டாட்டிய கூட நடுரோட்ல நிறுத்திட்டு போவியான்னு பாய் கேட்டாரு. நவாஸ் மூஞ்சி செவந்துபோச்சி. உள்ள கொயந்தைக்கு பால் குடுத்துக்கினு இருந்த சாய்ராவுக்கும் அது கேட்டுச்சி.

அன்னிக்கே பாய் சம்சாரத்தையும் பொண்ணையும் நிக்க வெச்சி ஒரே பேச்சா சொல்லிட்டாரு. "அந்த ஆட்டம் அவன் எயுதுனதுதான்னு எனக்கு வெளங்கற வரைக்கும் சாய்ராவும் கொயந்தையும் இந்த வூட்டு வாசப்படிய தாண்டக் கூடாது. காசு குடுத்து வாங்குன தட்டுக்கு தன் பேர போட்டுக்கினு திரியறவன், நாளைக்கு கம்பெனிக்காரன் கையுல மாட்டுவான். அப்ப என் பொண்ணு கைக்கொயந்தையோட யாரு வூட்டு வாசல்ல நிக்கும்."

சாய்ரா, கொயந்த தோள்ல ஏப்பம் வுடற வரைக்கும் தட்டிக்கினே இருந்தா.

மறுநாளு கடைவாசல்ல ராஜாராமன்கிட்ட நாயம் கேட்டாரு. மிஷினு பாதி வெட்டுல நிறுத்துன கதைய, காய வெச்சி காட்டி காட்டி சொன்னாரு. ராஜாராமன் மூக்குப்பொடிய ரெண்டு வெரலு நடுவுல புடிச்சிக்கினு பலகைய பாத்தாரு.

"பாய், தீத்துவெட்டு உங்க அத்தா போட்ட ஏற்பாடு. செஸ்ஸுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. திருப்பி வெட்டறதும் வெட்டாததும் அவாவா இஷ்டம். உலகம் பூரா அப்படித்தான் ஆடறா."

பாய்க்கு பஜாரே ஒரு பக்கமா சாஞ்சா மாதிரி இருந்துச்சி. அம்பத்தெட்டு வயசு. அந்த பலகைய தவிர வேற பலகைல அவரு ஆடுனதே கெடையாது.

"இருவத்திரெண்டு வருசமா ஏன் சாமி சொல்லல."

"உங்க கடை, உங்க பலகை. எனக்கும் சாயரட்சை பூஜைக்கு கோயிலுக்குப் போகணும். ஆட்டம் சுருக்க முடியறது நல்லதுதானேன்னு இருந்துட்டேன்."

இத்தினி வருசமா இந்தாளு எதுல ஏமாத்திக்கினு இருந்தானோன்னு பாய் அவர மேலயும் கீயயும் பாத்தாரு. அப்பால ரெண்டு பேரும் தீத்துவெட்டே ஆடுனாங்க. பாய் தோத்தாரு. எண்ணிக்கை நிக்கல.

வூட்டுக்கு வந்து, நேரா கேக்காம, சுத்தி வளச்சி மாப்ளையாண்ட கேட்டாரு. அந்த மிஷினு வெட்ட எப்பிடி எண்ணுது. நவாஸ் பலகைய எடுத்துக்கினு வந்து தரையில ஒக்காந்தான். ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்குல பலகைய பாக்குது மாமா, ஒவ்வொரு வெட்டையும் கடைசி வரைக்கும் ஆடிப் பாத்துக்கினு இருந்தா பொயுது பத்தாது. அதனால ஆடாமயே எண்ணிடும். அந்த கட்டத்துக்கு யாரு யாரு வர முடியும்னு ரெண்டு பக்கமும் பாக்கும். யானைக்கு பின்னாடி யானை நின்னா, முன்னாடி கீறவன் போனப்பறம் பின்னாடி கீறவனையும் சேத்துக்கும். சின்னவன மொதல்ல அனுப்பும். சிப்பாய் ஒண்ணு, குதிரை மூணு, யானை அஞ்சு. கூட்டி கழிச்சிக்கினே போவும். யாருக்கு எந்த எடத்துல நிறுத்துனா நல்லதோ அங்க நிறுத்திக்குவாங்கன்னு வெச்சிக்கினு, மொத வெட்டு லாபமா நட்டமான்னு சொல்லிடும்.

பாய் நிமிந்து ஒக்காந்தாரு. இது அவரு எண்ற எண்ணிக்கை. கடைவாசல்ல ஒக்காந்து சல்லடை வித்துக்கினே எண்ற அதே எண்ணிக்கை, கடைசி பேச்சு மட்டும்தான் வேற. சாய்ரா சொல்லிக் குடுத்திருக்கணும்னு நெனச்சாரு. சாய்ராவ பாத்தாரு. அவ கொயந்தைக்கு மை வெச்சிக்கினு இருந்தா.

"இத நீயா கண்டுபுடிச்ச"ன்னு கேட்டாரு.

நவாஸ் சிரிச்சான். அது புதுசு இல்ல மாமா, செஸ் ஆடற மிஷினு எல்லாத்துலயும் இது உண்டு, எயுதறவங்க எல்லாரும் பண்றதுதான்னான். உண்மைய சொன்னான் பாவம். பாய் காதுல அது வேற மாதிரி வியுந்துச்சி. எல்லாரும் பண்றதுன்னா இவன் இன்னா பண்ணான். அப்ப எங்கியோ பண்ணத எடுத்துக்கினுதான வந்திருக்கான்.

அப்பதான் அவருக்கு அந்த யோசனை வந்துச்சி. மெட்ராஸ் பிளாட்பாரத்துல விக்கிற தட்டுக்கு உத்திரமேரூரு பஜாரு வழக்கம் எப்பிடி தெரியும். எந்த ஊர்க்காரன் செஞ்சி வித்தாலும் கௌஸோட அத்தா போட்ட ஏற்பாட அதுல வெச்சிருக்க முடியாது.

"உன் மிஷினுக்கு தீத்துவெட்டு கத்துக்குடு"ன்னாரு. "வெட்டுனா கடைசி வரைக்கும் வெட்டணும். நீ எயுதுனதுன்னா உன்னால மாத்த முடியும். மாத்திட்டின்னா நானே பஸ்ஸு ஏத்தி வுடறேன்."

நவாஸ் பலகையவே பாத்துக்கினு இருந்தான். அப்பால சாய்ராவ பாத்தான். அவ வேணாம்னு தலைய ஆட்டுனா. பாய் அத பாத்துட்டாரு, அதுவும் அவரு சந்தேகத்துல போய் சேந்துச்சி. நவாஸ் சரி மாமான்னான்.

மூணு நாளு ஆச்சி. பாய் மதியானத்துல கடைய சாத்திட்டு வூட்டுக்கு வர ஆரம்பிச்சாரு. ஜன்னலாண்ட நின்னு கண்ணுல வெளக்கெண்ண வுட்டுக்கினு பாத்தாரு. மாப்ள ஒண்ணும் செய்யறா மாதிரி தெரியல. வெரல வாயில வெச்சிக்கினு டிவி பொட்டி கண்ணாடிய பாத்துக்கினு ஒக்காந்திருப்பான். எதிர்ல சாய்ரா பலகைய வெச்சிக்கினு, வாயுக்குள்ள எண்ணி, ஒரு நம்பர சொல்லுவா. அவனும் மிஷின பாத்து ஒரு நம்பர சொல்லுவான். ஒண்ணா இருந்தா அடுத்தது. வேறயா இருந்தா அவன் தலைய பிச்சிக்குவான். கரண்டு போனா ரெண்டு பேரும் மொறத்தால கொயந்தைக்கு விசிறுவாங்க. ஒரு தபா சபா அவன் மடிலயே தூங்கிடுச்சி. அது முயிச்சிக்கப் போவுதுன்னு அவன் ஒரே வெரலால, எறும்ப தடவறா மாதிரி, சத்தம் இல்லாம தட்டிக்கினு இருந்தான். ஜன்னலாண்ட யாரோ நிக்கிறது தெரிஞ்சி நடிக்கறான்னு பாய் நெனச்சாரு. நெனச்சிட்டாலும் அங்கியே நின்னாரு. கொயந்த தூங்கறப்ப கீய் ஒதடு பால் குடிக்கறா மாதிரி ஆடுச்சி, அத பாத்துக்கினு.

அந்த மூணு நாள்ல ரெண்டாம் நாளு நவாஸ் கடைக்கே வந்துட்டான். வேர்வ சொட்டுது.

"மாமா, தீத்துவெட்டுல ராஜாவும் வெட்டணுமா?"

பாய் கயிறு சுத்தறத நிறுத்திட்டாரு. ராஜா வெட்டலாம், எதிராளு அந்த கட்டத்த இன்னும் பாத்துக்கினு இருந்தா ராஜா அங்க போவக் கூடாது, அப்ப வெட்டு அங்க தீந்துதுன்னு அர்த்தம்னாரு. நவாஸ் அடுத்தத கேட்டான். ராஜாவுக்கு முன்னாடி மறைப்பா நிக்கிறவன், நவுந்தா ராஜாவுக்கு செக் வரும், அவனும் ஆளா கணக்கான்னான். அவன எண்ணாத, அவன் நவுர முடியாதவன், ஆளு இல்ல அவன், செவருன்னாரு பாய். ஒரு மணி நேரம் போனதே தெரியல. வாளி வாங்க வந்த அம்மா ரெண்டு தபா கூப்ட்டு பாத்துட்டு பக்கத்து கடைக்கு போயிடுச்சி. அவன் போனப்பறம்தான் பாய்க்கு தோணுச்சி. காசு குடுத்து வாங்குனவன் இத வந்து கேப்பானா. தோணுன கையோட இன்னொண்ணும் தோணுச்சி. நம்மள ஏமாத்தணும்னா இத கேக்கறா மாதிரிதான கேப்பான்.

முப்பத்தியெட்டாம் நாளு, வெள்ளிக்கெயம, ஜும்ஆ தொயுகை முடிஞ்சி சோதனை. பாய் ஏற்பாடு எல்லாம் பலமா பண்ணியிருந்தாரு. நவாஸ் கெணத்தடில ஒக்காரணும், தாஜுன்னிசா அவனுக்கு காவல். சாய்ரா உள்ரூம்ல. எலிய புடிக்கறதுக்கு ராஜாராமன். அவரு முந்தின நாளே வந்து எலி புடிக்க கத்துக்கினு போயிருந்தாரு, பெருமாள் பாதத்துல கை வெக்கறா மாதிரி அது மேல கை வெச்சாரு. டிவி பொட்டிக்கு பின்னாடி எதுனா ஒயரு வேற வூட்டுக்கு போவுதான்னு பாய் குனிஞ்சி பாத்து, கரண்டு ஒயர கூட அமுக்கிப் பாத்தாரு. தாஜுன்னிசா கெணத்தடிலேர்ந்து, "ஷாக் அடிச்சா சொல்லுங்க, மாப்ளய உள்ள அனுப்பறேன்"னுச்சி.

ஆட்டம் ஆரம்பிச்சிது. மிஷினு இப்ப வேற மாதிரி ஆடுச்சி. தைரியமா வெட்ட வரல. ஒரு கட்டத்துல ஆளு கம்மியா இருந்தா முன்னாடியே போயி இன்னொருத்தன கூட நிறுத்துச்சி. கடைசி வரைக்கும் எண்ணிப் பாத்துட்டு பயந்து ஆடற பஜாரு ஆளு மாதிரியே இருந்துச்சி. பாய்க்கு ரொம்ப தெரிஞ்ச ஆட்டம். ஆனா அது போதாதுன்னு இருந்தாரு. அவருக்கு வேண்டியது வேற. ராணி வரணும். போவக் கூடாத எடத்துக்கு, நட்டம்னு தெரிஞ்சே ராணி வரணும்.

ஒரு மணி நேரம் ஆச்சி. ரெண்டு எடத்துல ஒரே நேரத்துல குறி வெச்சாரு. மிஷினால ஒண்ணதான் காப்பாத்த முடிஞ்சிது. இன்னொரு எடத்துல சிப்பாய் ஒண்ணு, அதுக்கு காவலா குதிரையும் ராணியும். பாய் பக்கம் மூணு பேரு. பலகைய காட்டுனாரு, ராஜாராமன் எலிய நவுத்துனாரு. குதிரை சிப்பாய வெட்டுச்சி. அதோட குதிரை பாய் குதிரைய வெட்டுச்சி. மந்திரி அந்த குதிரைய வெட்டுச்சி.

பொட்டியில செவப்பு லைட்டு மினுக்கிக்கினே இருந்துச்சி. ராஜாராமன் மூக்குப்பொடி டப்பாவ தொறந்து, போடாமயே மூடுனாரு.

ராணி வந்துச்சி. வந்து மந்திரிய வெட்டிட்டு, யானைக்கு நேரா, வெட்டுன எடத்துலயே நின்னுச்சி.

யானையால வெட்டுங்க சாமின்னு சொல்லாம, பாய் டிவி பொட்டி மேல அந்த ராணிய கட்டவெரலால அமுக்கிப் பாத்தாரு. ராஜாராமன் கண்ணாடிய கயட்டி தொடச்சாரு.

"பாய், எவனும் இப்படி ராணிய வாரிக் குடுக்கற ஆட்டத்த செஞ்சி கடைல விக்க மாட்டான்"னாரு. "வித்தாலும் எவனும் வாங்க மாட்டான்."

சாய்ரா எப்ப வந்து கதவாண்ட நின்னான்னு தெரியல. கொயந்த தோள்ல கீது.

"பாத்துட்டியா அத்தா"ன்னா. "நல்லா ஆடிக்கினு இருந்த மிஷின மூணு நாளு ஒக்காந்து முட்டாளாக்கியிருக்காரு. திங்கக்கெயம காட்டணும். அதுல ஒரு தப்பு கீது, அத சரி பண்றதுக்குன்னு வெச்சிருந்த மூணு நாளு அது. அவரு எயுதுனதுதான்னு நான் மொத நாளே சொல்லியிருப்பேன். நீ என்னிய ஒரு வார்த்த கேக்கல. வாய் பேசாத மிஷின கேட்ட."

பாய்க்கு இது புதுசு. அவரு பொண்ணு அவர அப்பிடி பேசி அன்னிக்குதான் கேட்டாரு. ராஜாராமன் கெணத்த பாக்க போறா மாதிரி வெளிய போயிட்டாரு.

கொஞ்ச நேரம் கழிச்சி நவாஸ கூப்ட்டு, இத பழையபடி ஆக்க எத்தினி நாளு ஆவும்னாரு. மாத்தறதுக்கு முன்னாடியே பழச தனியா எடுத்து வெச்சிட்டேன் மாமா, அஞ்சு நிமிசம்தான்னான் அவன். அப்ப சாய்ரா சொல்ற தப்பு இன்னா. அவன் தயங்கிக்கினே சொன்னான். நீங்க அன்னிக்கு கடையில சொன்னதுதான், ராஜாவுக்கு மறைப்பா நிக்கிறவன் வெட்ட வர முடியாது, ஆனா மிஷினு அவனையும் ஆளுன்னு எண்ணிடுது. அவசரத்துல எண்றதால அப்பிடி. அத நம்பி சில நேரம் தப்பா வெட்டிடுது. தீத்துவெட்டுல அத சரி பண்ணேன், ஆனா மிஷினு ரொம்ப மெதுவாயிடுச்சி. வேகமும் கொறையாம சரி பண்ணணும், எப்பிடின்னு தெரியல.

"எத்தினி பேரு அப்பிடி மறைப்பா நிப்பாங்க ஒரு நேரத்துல"ன்னு பாய் கேட்டாரு.

"ஒண்ணு. மிஞ்சிப்போனா ரெண்டு."

"அப்ப ஏன் ஒவ்வொரு வெட்டுக்கும் தேடற. காய் நவுத்தற மொற கைக்கு வந்ததும் எவன் செவருன்னு ஒரு தபா பாத்து வெச்சிக்கோ. அப்பால எண்றப்ப அவன தாண்டிக்கினு போ. நான் அப்பிடிதான எண்றேன்."

நவாஸ் அவரையே பாத்தான். பாய்க்கு கூச்சமா போச்சி. அந்த பக்கம் திரும்பி, சட்டை பாக்கெட்டுல இல்லாத எதையோ தேடுனாரு.

சனிக்கெயமையும் ஞாயித்துக்கெயம மத்தியானம் வரைக்கும் கடைய தொறக்கல. கடைவாசல் பலகைய வூட்டுக்கு எடுத்துக்கினு வந்துட்டாரு. அவரு ஒரு பக்கம் காய அடுக்கி எண்ணுவாரு, சாய்ரா ஒரு பக்கம் எண்ணுவா, மிஷினு ஒரு பக்கம் எண்ணும். மூணும் ஒண்ணா வந்தாதான் அடுத்தது. அவரும் சாய்ராவும் ஒண்ணு சொல்லி மிஷினு வேற சொன்னா நவாஸ் எயுதுனத திருத்தி தட்டுவான். ஒரு தபா சாய்ராவும் மிஷினும் ஒண்ணா சொல்லி பாய் மட்டும் வேற சொன்னாரு. மறுபடி எண்ணிப் பாத்தாரு. யானைக்கு பின்னாடி நின்ன ராணிய வுட்டுட்டாரு. சாய்ரா சிரிக்கல, ஆனா கொயந்த காதுல எதையோ சொன்னா.

ஞாயித்துக்கெயம நாப்பதாம் நாளு, மத்தியானம் சாய்ராவுக்கும் கொயந்தைக்கும் தலைக்கு ஊத்தி, சாம்பிராணி போட்டு, சாயங்கால பஸ்ஸுக்கு கெளம்ப ரெடியானாங்க. தாஜுன்னிசாவாண்ட மூட்டை கட்டச் சொல்ல பாய் உள்ள போனாரு. அது வெள்ளிக்கெயம காலைலயே கட்டி வெச்சாச்சின்னுச்சி. சோதனைக்கு முன்னாடியான்னாரு. முன்னாடிதான்னுச்சி. யாரு கட்டச் சொன்னான்னு அவரு கேக்கல.

பஸ் ஸ்டாண்டுல ஏகாம்பரம் டிரைவருக்கு பின்னாடி சீட்ட துண்டு போட்டு புடிச்சி வெச்சிருந்தான். டிவி பொட்டிய நவாஸ் மடியில வெச்சிக்கினான். சபாவ பாய் வெச்சிக்கினு இருந்தாரு. சட்டை காலர வாயில வெச்சி சப்பிக்கினு இருந்துச்சி அது. ஏகாம்பரம் ரெண்டு தபா விசில் அடிச்சான், பாய்க்கு கேக்கல. மூணாவதுக்குதான் ஜன்னல் வயியா கொயந்தைய சாய்ரா கையுல குடுத்தாரு.

"நான் வருவேன்"னாரு. "லெட்டரு போட்டுட்டு வரமாட்டேன். சொல்லாம கொள்ளாம ஒரு நாளு வந்து நிப்பேன்."

"வா"ன்னா சாய்ரா. "வந்தா ஒரு வாரமாவது இரு. ஒரு நாள்ல இன்னா கண்டுபுடிப்ப."

பஸ்ஸு ஏரிக்கரை பக்கம் திரும்பற வரைக்கும் பாத்துக்கினு நின்னுட்டு, ஒரு வாரம் பத்தாது, பத்து நாளாவது வேணும்னு பாய் தாஜுன்னிசாகிட்ட சொன்னாரு.